கரையில் ஏற்றிய சோறும் தண்ணீரும்

(வரிச்சிக்குடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் ஊருக்கு வடக்கே தரங்கம்பாடி, தெற்கே காரைக்கால், கிழக்கே கடல். 1620இல் டேனிஷ்காரர்கள் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1739இல் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைப் பெற்றார்கள். இந்த வரலாற்றை எழுதியவர்கள் கோட்டை, பீரங்கி, உடன்படிக்கை, வரி என்று நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்தக் கப்பல்களுக்குள் இருந்தவர்கள் மாதக்கணக்கில் எதைத் தின்றார்கள், எதைக் குடித்தார்கள் என்ற கேள்விக்கு அந்த நூல்களில் இரண்டு வரிதான் கிடைக்கும். எனக்கு அதுதான் முதல் கேள்வியாகப் படுகிறது. டென்மார்க்கிலிருந்து 1618 நவம்பரில் புறப்பட்ட டேனிஷ் தளபதி ஓவே கெடேயின் கப்பல்கள் 1620 மே மாதம்தான் இலங்கையைத் தொட்டன. ஒன்றரை ஆண்டு. ஏறியவர்களில் பெருந்தொகையானோர் நோயில் இறந்து கடலில் போடப்பட்டார்கள். அவர்களை அழித்தது எதிரியின் குண்டு அல்ல.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பாய்க்கப்பல் காலத்தில் கப்பலுக்குள் இருந்தவர்கள் பிழைப்பார்களா சாவார்களா என்பது பெரும்பாலும் கரையிலேயே முடிவாகிவிட்டது. எந்தக் கிணற்றுத் தண்ணீர், எந்தப் பீப்பாய், எப்படிப் பக்குவம் செய்த அரிசி, ஏறுகிறவரின் உடம்பில் எவ்வளவு தெம்பு என்பவையே அதை முடிவு செய்தன. கரையின் வேலையைச் செய்தவர்கள் நம்மைப் போன்ற ஊர்க்காரர்கள்.

முதலில் தண்ணீர்க் கணக்கைப் பார்ப்போம். குடிக்கவும் சமைக்கவுமாக ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் 300 பேர், பயணம் 90 நாள். மொத்தம் 1,08,000 லிட்டர் ஆகிறது. எடை 108 டன். குளிக்கவோ துணி துவைக்கவோ இதில் ஒரு சொட்டு கிடையாது. ஆட்டுக்கும் கோழிக்கும் ஊற்றியதும் இதில் சேரவில்லை. அரிசியைப் பாதியாகக் குறைத்துத் தின்று மனிதன் பல வாரம் தாக்குப்பிடிப்பான். தண்ணீரைப் பாதியாகக் குறைத்தால், அதுவும் வெயில் காயும் நடுக்கோட்டுக் கடலில், அப்படித் தாங்கமாட்டான். ஆகவே சரக்கறையில் முதல் இடம் தண்ணீருக்கு.

காரைக்காலில் கப்பல் அணைய வசதியான துறைமுகம் அன்று இல்லை. அரசலாற்று முகத்துவாரத்தில் சிறு தோணிகள்தாம் நுழைய முடியும். பெரிய கப்பல் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் தண்ணீர்ப் பீப்பாயும் அலையைக் கடந்து சலங்குகளில்தான் போகவேண்டும். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு சலங்கு. அலை தூக்கித் தரையில் அறைந்தாலும் நெளிந்து கொடுக்கும், பிளக்காது. இந்தக் கரையின் மீனவர்கள் அதைச் செலுத்தத் தெரிந்தவர்கள். ஒரு பெரிய கப்பலுக்கு வேண்டிய நூறு டன் தண்ணீரை இப்படிப் படகு படகாகக் கொண்டுபோவது எத்தனை பேரின் தோள்வலி என்று எண்ணிப் பாருங்கள். உள்ளே உப்புநீர் புகுந்துவிட்டால் ஒரு பீப்பாய் கெட்டது.

நம் கடற்கரையின் நல்ல தண்ணீர் எப்படிப்பட்டது என்பது இங்கே இருக்கிற பெண்களுக்கு நன்றாகத் தெரியும். மணல்மேட்டில் விழுந்த மழை கீழே இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக நிற்கிறது. மெதுவாக இறைத்தால் இனிப்பாக வரும். அவசரப்பட்டு ஒரே கிணற்றில் அதிகம் இறைத்தால் உப்பு மேலேறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து கிணறு நிறையும்போது கடல் கொந்தளிக்கும், கப்பல் நிற்கமுடியாது. தை பிறந்து கடல் அடங்கும்போது கிணறும் நிறைந்திருக்கும். சித்திரை, வைகாசியில் கடல் இடம்கொடுத்தாலும் கிணற்றில் தண்ணீர் தாழ்ந்துவிடும். தண்ணீர் ஏற்ற நல்ல காலம் அத்தனை குறுகியது.

ஏற்றிய தண்ணீர் அப்படியே இருக்கவும் இருக்காது. மரப்பீப்பாயில் சில வாரத்தில் பச்சை பூத்து, கொழகொழத்து, நாற்றமெடுக்கும். பீப்பாயின் உட்புறத்தைத் தீயில் கருக்கினால் தண்ணீர் நெடுநாள் நிற்கும் என்பதைப் பிரெஞ்சு வேதியியலறிஞர் பெர்த்தொலே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். 1815 வாக்கில் பிரிட்டிஷ் கடற்படை மரத்தை விட்டு இரும்புத் தொட்டிக்கு மாறத் தொடங்கியது. பிறகு நிலக்கரி எரித்துக் கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் கருவி வந்தது. நூற்றாண்டின் பின்பாதியில் குடியேற்றக் கப்பல்களில் அதையும் வைத்தார்கள்.

தண்ணீர் தீர்ந்துபோனால் என்ன நடக்கும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. சீனத் துறவி பாஹியான் இலங்கையில் இரண்டு ஆண்டு தங்கிப் படித்துவிட்டு, ஜாவா வழியாகச் சீனம் திரும்பினார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கம் அது. ஜாவாவிலிருந்து சீனம் போன கப்பலில் சுமார் 200 பேர். 50 நாளுக்கென்று ஏற்றிய உணவும் நீரும், 70 நாள் கடந்தும் கரை தெரியாததால் கிட்டத்தட்டத் தீர்ந்தன. கடல்நீரில் சமைத்தார்கள். மிச்சமிருந்த நன்னீரை ஆளுக்குச் சிறு அளவாகப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். அதை அவரே எழுதி வைத்திருக்கிறார். அதற்கு முன் புயல் அடித்தபோது, இந்தப் பிக்குவை ஏற்றியதால்தான் கப்பலுக்குக் கேடு, இறக்கிவிடுவோம் என்று சிலர் பேசிய செய்தியும் அதில் இருக்கிறது. கடலில் ஆபத்து வரும்போது முதலில் யாரை இறக்கிவிடுவது என்ற பேச்சு எழுவதை நான் மறக்கமுடியாமல் படித்தேன்.

இனி உணவு. கடலில் 2, 3 மாதம் பசுமையான காய்கனி இல்லாமல் போனால் ஈறு வீங்கி, பல் ஆடி, பழைய தழும்புகள் கூடத் திறந்துகொள்ளும் நோய் ஸ்கர்வி. வாஸ்கோ ட காமா இந்தியக் கரையிலிருந்து திரும்பும்போது ஆப்பிரிக்கக் கரையைத் தொட 3 மாதம் ஆயிற்று. அதற்குள் 30 பேர் இறந்தார்கள். 1747 மே மாதத்தில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் ‘சாலிஸ்பரி’ கப்பலில் நோயுற்ற 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு இருவருக்கும் ஒரு மருந்து என்று கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் எழுந்து நடமாடினார்கள். ஆனாலும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றைக் கட்டாயமாக்க 1795 வரை ஆயிற்று. இடையில் செத்த மாலுமிகளுக்கு யார் பொறுப்பு?

அக்காலத்தில் பலர் புளிப்புதான் மருந்து என்று நம்பினார்கள். அதனால் ஆசியக் கடல்களில் ஓடிய ஐரோப்பியக் கப்பல்கள் நம் புளியையும் மூட்டை மூட்டையாக ஏற்றின. புளியில் உயிர்ச்சத்து சி மிகக் குறைவு. வெயிலில் காய்ந்து மாதக்கணக்கில் உப்பில் ஊறிய எலுமிச்சை ஊறுகாயிலும் அது பெரும்பகுதி போய்விடும். சோறு இறங்க ஊறுகாய் உதவும், நோயைத் தடுக்க உதவாது. இதைச் சொல்லியாகவேண்டும். நம் பண்டம் என்பதாலேயே எல்லாம் மருந்தாகிவிடாது.

உண்மையான மருந்து வேறொரு இடத்தில் ஒளிந்திருந்தது. காய்ந்த பயறில் உயிர்ச்சத்து சி இல்லை. அதை நனைத்து முளைகட்டினால் ஓரிரு நாளில் உண்டாகிவிடுகிறது. முதல் உலகப்போரில் மெசபடோமியாவில் இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் ஸ்கர்வியில் விழுந்தபோது, லண்டன் லிஸ்டர் ஆய்வுக்கூடத்தின் ஹாரியட் சிக்கும் மார்கரெட் ஹியூமும் முளைகட்டிய பயறு இந்நோயைத் தடுக்கும் என்று சோதித்துக் காட்டினார்கள். ஒரு மூட்டைப் பச்சைப்பயறும் ஈரத்துணியும் நடுக்கடலில் ஒரு தோட்டம் ஆகும். மொரோக்கோ நாட்டு இபன் பதூதா 14ஆம் நூற்றாண்டில் கள்ளிக்கோட்டையில் கண்ட சீனக் கப்பல்களில் மரத்தொட்டிகளில் கீரையும் இஞ்சியும் பயிரிட்டிருந்தார்கள் என்று எழுதுகிறார். ஐரோப்பியக் கப்பல்கள் இந்த இரண்டையும் கற்றுக்கொள்ளாமல் போனதற்கு ஈடாகக் கொடுத்தது உயிர்கள்.

இப்போது அரிசிக்கு வருகிறேன். நான் இங்கே சற்று நின்று பேச விரும்புகிறேன். ஏனென்றால் இது நம் வீட்டுக் களத்தில் நடந்த விஞ்ஞானம்.

1882 இறுதியில் ஜப்பானியக் கடற்படையின் பயிற்சிக் கப்பல் ‘ரியூஜோ’ நியூசிலாந்து, தென் அமெரிக்கா, ஹவாய் என்று நீண்ட பயணம் கிளம்பியது. 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி கண்டது. 25 பேர் இறந்தார்கள். கால் மரத்து, உடம்பு வீங்கி, இதயம் நின்றுபோகும் நோய் அது. அவர்கள் பட்டினி கிடக்கவில்லை. வயிறார வெள்ளைவெளேரென்ற தீட்டிய அரிசிச் சோறு தின்றார்கள். கடற்படை மருத்துவர் தகாகி கனெஹிரோ அடுத்து 1884இல் ‘சுகுபா’ என்ற கப்பலை அதே வழியில் அனுப்பச் செய்து, உணவை மட்டும் மாற்றினார். இறைச்சியும் கோதுமை, வாற்கோதுமை வகைகளும் சேர்ந்தன. நோய் கண்டவர் சிலரே, இறந்தவர் எவருமில்லை. புரதக் குறைவால் வரும் நோய் என்று தகாகி நினைத்தார். காரணம் அதுவல்ல, ஆனால் வைத்தியம் பலித்தது.

உண்மைக் காரணத்தை நெருங்க உதவியவர்களில் தமிழர்களும் உண்டு. மலாயாவில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கூட்டம் கூட்டமாக விழுந்தார்கள். அதே மண்ணில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்த நோய் அரிது. பிராடன் என்ற மருத்துவர் 1907இல் எழுதிய நூலில் இதைச் சுட்டிக்காட்டினார். சீனர்கள் தின்றது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கலரிசி. ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற மருத்துவ ஆய்வாளர்கள் மலாயாவின் நெகிரி செம்பிலானில் சாலை போட வந்த ஜாவாக்காரத் தொழிலாளர்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணிக்குப் பச்சரிசியும் மற்றொன்றுக்குப் புழுங்கலும் கொடுத்தார்கள். பச்சரிசி அணியில் நோய் வந்தது. புழுங்கலுக்கு மாற்றியதும் நின்றது. 1909இல் முடிவை வெளியிட்டார்கள்.

நெல்லை ஊறப்போட்டு, அண்டாவில் அவித்து, உமி வெடிக்கும் பருவத்தில் இறக்கி, களத்தில் காயவைத்துக் குத்துகிறோம். அவிக்கும்போது, பெரிபெரியைத் தடுக்கும் தயமின் என்ற தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கி ஒட்டிக்கொள்கிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுவதும் போகாது. அரிசி கெட்டிப்படுவதால் உடைவது குறையும், வண்டு விழுவதும் குறையும். மாதக்கணக்கில் மூட்டையில் கிடக்க வேண்டிய அரிசிக்கு இதைவிட நல்ல பக்குவம் கிடையாது. தகாகி கப்பல் விட்டுத் தேடியதைக் காவிரிப் படுகையின் பெண்கள் வாரந்தோறும் வாசலில் செய்துகொண்டிருந்தார்கள். காரைக்காலிலிருந்து இலங்கைக்கும் மலாயாவுக்கும் அரிசி ஏற்றுமதி நடந்ததை அரசு ஏடுகள் பதிந்திருக்கின்றன. அதை அவித்த கைகளை எந்த ஏடும் பதியவில்லை.

இவ்வளவும் சொன்னபின், காரைக்காலிலிருந்து மனிதர்களையே ஏற்றிப்போன கப்பல்களைப் பற்றிப் பேசாமல் இருக்கமுடியாது. 1848இல் பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ‘ஒரேலி’ என்ற பாய்க்கப்பல் பிரெஞ்சிந்தியாவிலிருந்து முதல் தொகுதி இந்தியரை 1853 மே 6ஆம் நாள் மேற்கிந்தியத் தீவான மார்த்தினிக்கில் இறக்கியது. அடுத்த ஆண்டின் கிறிஸ்துமஸ் காலத்தில் அதே கப்பல் குவாதலூப்பிலும் ஆள் இறக்கியது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்கு 42,000 பேர், ரீயூனியனுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். புதுச்சேரியும் காரைக்காலும் இதில் பெரிய வாசல்கள். ஏறியவர்களில் பலர் நம் தஞ்சைச் சீமையின் நிலமற்ற உழைப்பாளிகள்.

இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவு கிட்டத்தட்ட அண்டைவீடு. மேற்கிந்தியத் தீவுகளுக்கோ நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏறத்தாழ 3 மாதம். பிரிட்டனும் பிரான்சும் 1861இல் செய்துகொண்ட ஒப்பந்தம், நன்னம்பிக்கை முனைக்கு அப்பால் போகும் பாய்க்கப்பல்கள் ஆகஸ்ட் 1 முதல் மார்ச் 15 வரைதான் புறப்படலாம் என்று விதித்தது. முனையின் கடுங்குளிரில் மெல்லிய துணி உடுத்தியவர்கள் விறைத்துச் சாவதைத் தவிர்க்கவே அது. தண்ணீரும் காய்கறியும் புதிதாக ஏற்ற வழியில் கேப் டவுனிலோ செயின்ட் ஹெலினா தீவிலோ நிற்பதுண்டு.

குடியேற்றக் கப்பல்களின் உணவுப் பட்டியலைப் பார்த்தால் நம் சமையலறை தெரிகிறது. அரிசி, பருப்பு, நெய், கருவாடு, புளி, மிளகாய், மஞ்சள், வெங்காயம், பரங்கிக்காய். கூடவே உயிருள்ள ஆடுகள். வெங்காயமும் பரங்கிக்காயும் தற்செயலாக வந்தவை அல்ல. காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டால் வாரக்கணக்கில் கெடாதவை அவை. மழையும் அலையும் அடுப்பை அணைக்கும் நாளில் அவலும் கடலையும் கை கொடுக்கும்.

பட்டியல் காகிதத்தில் சரியாக இருந்தது. கப்பலில் சாவு நின்றுவிடவில்லை. 1856–57இல் கல்கத்தாவிலிருந்து கரீபியன் தீவுகளுக்குப் போன கப்பல்களில் சராசரி 100க்கு 17 பேர் வழியிலேயே இறந்தார்கள். வாந்திபேதி, சீதபேதி, அம்மை. சென்னையிலிருந்து போன கப்பல்களில் சாவு இதைவிட மிகக் குறைவு. விசாரித்தவர்கள் ஹூக்ளி ஆற்றுத் தண்ணீரைக் கேள்வி கேட்டார்கள். ஏறும்போதே நலிந்திருந்தவர்களைப் பற்றியும் பேசினார்கள். கப்பலும் கப்பல் தலைவனும் ஒரே வகை, வேறுபட்டது கரை.

ஏறும்போதே நலிந்திருந்தவர்கள். அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. உயிர்ச்சத்து சி நிறைந்த உடம்பு 2, 3 மாதம் தாக்குப்பிடிக்கும் என்றால், அந்தக் கையிருப்பு கரையில் தின்ற கீரையிலும் பழத்திலும் சேர்வது. பஞ்சத்திலிருந்து நேராகக் கப்பலுக்கு வந்தவனிடம் அந்தக் கையிருப்பு ஏது? 1876–78 பெரும்பஞ்சத்தில் ஊரைவிட்டு ஓடி வந்தவர்களை ஆள் திரட்டும் மேஸ்திரிகள் பிடித்து, கப்பலேறும்வரை காக்கவைக்கும் டிப்போவில் அடைத்தார்கள். கப்பலுக்கு முன்னாலேயே அவர்களுக்குப் பயணம் தொடங்கிவிட்டது. பல மாதக் குறைச்சலோடு ஏறியவனுக்கு நாளொன்றுக்கு அளந்து போட்ட அரிசி சட்டப்படி சரியான அளவாக இருக்கலாம். அவன் உடம்பின் பழைய கடனை அது அடைக்காது. தோட்ட முதலாளிக்குத் தலைக்கு எவ்வளவு என்று கணக்கு வைத்தவர்கள் இந்தக் கடனை எந்தப் பத்தியிலும் எழுதவில்லை.

பிழைத்து இறங்கியவர்கள் தங்கள் சமையலையும் நட்டுவைத்தார்கள். ரீயூனியனில் முருங்கைக் கீரை இன்றும் அன்றாட உணவு. மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் மசாலா அரைத்து வைக்கும் குழம்பு எல்லா இனத்தாரின் விருந்திலும் இருக்கிறது.

பாய்க்கப்பல் அத்தோடு முடிந்துவிடவில்லை. இலங்கையின் வல்வெட்டித்துறையில் தமிழ்க் கைவினைஞர்கள் கட்டிய ‘அன்னபூரணி’ 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதை ஓட்டிப்போனவர்களில் வல்வெட்டித்துறைக் கடலோடிகள் ஐவர் இருந்தார்கள். சோறு தரும் தேவியின் பெயரோடு பிறந்த கப்பல் அட்லாண்டிக்கைக் கடந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

நம் புதுச்சேரி மண்ணிலிருந்தே ஒரு பெண் இந்தக் கதையின் அடுத்த பக்கத்தை எழுதியிருக்கிறார். இந்தியக் கடற்படையின் லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி புதுச்சேரியைச் சேர்ந்தவர். அவரும் கேரளத்தின் தில்னாவும் ‘தாரிணி’ என்ற 56 அடிப் பாய்ப்படகில் 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே 29ஆம் நாள் திரும்பினார்கள். 25,000 கடல் மைலுக்கு மேல். இருவர் மட்டும். ஃப்ரிமாண்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என்று நான்கு இடங்களில் நின்றார்கள். இப்படிப்பட்ட படகுகளில் கடல்நீரைப் பெரிய அழுத்தத்தில் நுண்ணிய சவ்வின் வழியே தள்ளி உப்பைப் பிரிக்கும் கருவி உண்டு. கடல்நீரின் இயல்பான எதிர்ப்பை வென்று போதிய நன்னீர் பெற, காற்றழுத்தத்தைப் போல 50 மடங்குக்கு மேலான அழுத்தம் வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். அது நின்றால் மறுபடியும் பாயில் வழியும் மழையைப் பிடிக்கவேண்டியதுதான். உலர்த்திப் பொதிந்த உணவில் நம் கடற்படைக்கு மைசூரின் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக்கூடம் நெடுநாள் துணை நின்றிருக்கிறது. கருவி மாறினாலும் வேலை கரையில் செய்யப்படுவது மாறவில்லை.

முடிக்குமுன் இந்த அவையிடம் ஒரு வேண்டுகோள். குடியேற்றக் கப்பல்களைப் பற்றிய பிரெஞ்சு ஆவணங்கள் தென் பிரான்சின் எய்க்ஸ் நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. காரைக்காலில் பிரெஞ்சு படித்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். ஆட்பெயர்ப் பட்டியலைத் தேடுகிறவர்கள் பலர். உணவும் நீரும் ஏற்றிய கணக்கைத் தேடிப் படிக்க ஒருவராவது முன்வரவேண்டும். இன்னொரு பாதி வேலைக்கு எந்தக் காப்பகமும் தேவையில்லை. வீட்டில் நெல் அவித்த கடைசித் தலைமுறைப் பெண்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். எத்தனை கொதி, எவ்வளவு ஊறல், எந்த நெல்லுக்கு எந்தப் பக்குவம் என்று அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். கோட்டுச்சேரிமேடு, காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு ஆகிய ஊர்களுக்குப் போய், கோடையிலும் இனித்த கிணறுகள் எவை, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு உப்பானவை எவை, மீண்டும் தெளிந்தவை எவை என்று கிணறு கிணறாகக் குறித்து வாருங்கள். பள்ளி மாணவர்களே செய்யக்கூடிய வேலை இது. வரும் கோடை விடுமுறையிலேயே தொடங்கலாம்.